மூணாவது லைனுக்குக் கொடுத்த சியாப் பொடி

காலைல வயிறு சுத்தமாப் போயிட்டா அன்னிக்கு முழுக்க நான் யார்மேலயும் எரிஞ்சு விழ மாட்டேன் மேடம். நீங்க இன்ஸ்பெக்டர், நேரத்துக்குச் சாப்பாடு இருக்காது, உங்களுக்கும் அந்தத் தொல்லை இருக்கும். கெலமங்கலத்துல எங்க வீட்டுல எல்லாருக்குமே மலச்சிக்கல்தான். டாக்டரம்மா சொல்லித்தான் சியா விதை நார்ச்சத்துப் பொடி பழகினேன். ஒரே வாரத்துல வயிறு லேசாயிருச்சு.

நல்லது நமக்கு மட்டும் இருந்தா போதுமா? காருக்கு வயர் கட்டுற கம்பெனி எங்களோடது. மூணாவது லைன்ல முப்பது பொண்ணுங்க, நான் லைன் லீடர். பெல்ட் ஓடிக்கிட்டே இருக்கும். ஒருத்தி பாத்ரூம் போகணும்னா அவ இடத்துல ரிலீவர் வந்து நிக்கணும். முப்பது பேருக்கும் ரிலீவர் ஒருத்திதான். அதனால ஷிப்டுல எவளும் தண்ணி குடிக்க மாட்டா, உதட்டை நனைச்சுக்கறதோட சரி. நான் சொல்லிக் கொடுத்த பழக்கம் இல்ல அது. லீடர் ஆகறதுக்கு முன்னாடி நானும் அப்படி நின்னவதான்.

தண்ணி இல்லன்னா வயிறு கட்டிக்கும். கட்டிக்கிச்சுன்னா பாத்ரூமுக்குப் போனவ லேசுல திரும்ப மாட்டா, லைன் நின்னுரும். நின்னா மேனேஜர் பிரதாப் சார் எல்லார் முன்னாடியும் கேப்பாரு, "என்ன சரிதா, மறுபடி பெல்ட்டுக்கே போயிடறியா?" திரும்ப அங்க போய் நிக்கறதுக்குச் செத்துடலாம்.

காலைல வீட்டுலயே வயிறு சுத்தமாயிட்டா இங்க யாரும் போக வேண்டியதில்லன்னு தோணுச்சு. பஸ் ஏறி கர்நாடகா பார்டர் தாண்டி அத்திப்பள்ளி போய் என் கைக்காசுல பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். டீ டைம்ல ஆளுக்கு ஒரு ஸ்பூன், நானே வாயில போடுவேன். ஜோதிமணி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "கன்னடத்துல என்னமோ போட்டிருக்கேக்கா"ன்னா. கல்லாவி ஊர்ப் பொண்ணு, அவளுக்குக் கன்னடம் படிக்க வராது, எனக்கு வரும். "முகம் பளபளன்னு ஆகும்னு போட்டிருக்கு, தின்னுடி"ன்னேன். சிரிச்சுக்கிட்டே தின்னா. ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ரெண்டு பெரிய டம்ளர் தண்ணி குடிக்கணும்னுதான் போட்டிருந்துச்சு.

மத்தவளுக பாதிப் பேரு வாயிலயே வச்சிருந்து துப்பிட்டாளுகளாம், இப்பதான் சொல்றாளுக. ஜோதிமணி துப்பலை. நான் ஒண்ணு சொன்னா தட்ட மாட்டா, அவ்வளவு பிரியம் என்மேல.

அப்புறம் ஒருநாள் வயிறு உப்பிக்கிட்டு வலிக்குதுன்னா. மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லி இன்னொரு ஸ்பூன் கொடுத்தேன். மறுநாள் பொருள் வாங்குற கார் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வந்தாங்க. அன்னிக்கு முகம் வெளுத்துப்போய், குனிஞ்ச வாக்குலயே டேப் சுத்திக்கிட்டிருந்தா. ரெண்டு தரம் வாந்தியும் எடுத்திருந்தா. "ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கக்கா, முடியல." "அவங்க கிளம்பட்டும், நானே ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போறேன்"ன்னேன். சத்தியமாக் கூட்டிட்டுப் போயிருப்பேன் மேடம். அதுக்குள்ள பெல்ட்டு மேலயே சாஞ்சுட்டா. குடல் அடைச்சு ஓட்டை விழுந்திருச்சுன்னாங்க. ரெண்டாம் நாள் போய்ச் சேர்ந்துட்டா.

ஆஸ்பத்திரி வாசல்ல அவங்கம்மா கெம்பம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிச்சு. "எம்பொண்ணு வயித்தைப் பெத்தவளாட்டம் பார்த்துக்கிட்டியாமே தாயி"ன்னு அழுதுச்சு. நானும் அழுதேன். நடிப்பில்ல, நிஜமாவே தாங்க முடியல. அந்தம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

தெரிஞ்சுதான் செஞ்சியான்னு கேக்கறீங்க. தெரியும் மேடம். நான் ஒரு நாளும் அதைத் தண்ணியில்லாமத் தின்னதில்ல. லைன் லீடர், யாரையும் கேக்காம எந்திரிச்சுப் போலாம். விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜோதிமணி தண்ணி கேட்டா. என் பாட்டில் மேசை மேலதான் இருந்துச்சு. அதை எடுத்து லாக்கர்ல வச்சுப் பூட்டினேன். கோபத்துல இல்ல. குடிச்சா பாத்ரூம் போகணும்பா. ஆடிட்காரங்க அப்பதான் பக்கத்து லைனுக்கு வந்திருந்தாங்க.