கேட்டுட்டுப் போடுங்க, சார்

— எழுதிக்கோங்க, டீச்சர். "இணையப் பாதுகாப்பில் நம் பள்ளி உலகுக்கே ஒரு கலங்கரை விளக்கமாகத் திகழும்." எழுதிட்டீங்களா?

— எழுதிட்டேன் சார். இதோட மூணாவது கலங்கரை விளக்கம். கப்பல் ஒண்ணையும்தான் காணோம்.

— கம்ப்யூட்டர் டீச்சருக்குக் கிண்டல் எதுக்கு? நாளைக்கு நிர்வாகக் குழு முன்னாடி நின்னு இந்தத் திட்டத்தைப் படிக்கப் போற ஹெட்மாஸ்டர் நான். அடுத்த தலைப்பு: இணையத்தில் கேலி செய்வோருக்குக் கடும் தண்டனை.

— அதுக்கு முன்னாடி ஒண்ணு சார். அந்த எட்டாம் வகுப்புப் பொண்ணு வெளியே உக்காந்திருக்கா. டி.சி. வாங்கிட்டு வேற பள்ளிக்கூடம் போறாளாம்.

— எந்தப் பொண்ணு?

— ஆண்டு விழாவுல பரிசு வாங்க வந்து, மேடையில தடுக்கி விழுந்தாளே, அவதான். விழுந்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கரா வெட்டி, பசங்க தினமும் "குட் மார்னிங்" அனுப்பிக்கிட்டு இருக்காங்க. அவ ஒரு வாரமா வகுப்புக்கே வரல.

— அயோக்கியத்தனம்! படத்தை முதல்ல போட்டவன் எவன்? கண்டுபிடிங்க. முதல் தண்டனை அவனுக்குத்தான்.

— கண்டுபிடிச்சாச்சு சார்.

— சபாஷ்! எந்த வகுப்பு?

— வகுப்பெல்லாம் இல்ல சார். நம்ம பள்ளிக்கூடத்து ஃபேஸ்புக் பக்கத்துல, முதல் படமாவே போட்டது நீங்கதான்.

— நானா? அது... அதுல நான் கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு ராஜா மாதிரி நிக்கிறேன், டீச்சர். ஓரத்துல அவ விழுந்ததை நான் எங்க பார்த்தேன்?

— ஓரத்துல இல்ல சார். உங்க காலடியில.

— அடக் கடவுளே. இதைக் குழுவுல சொல்லித்தான் ஆகணுமா?

— முதல்ல அவகிட்ட சொல்லுங்க. உள்ள வாம்மா!

— வணக்கம் சார். வணக்கம் மிஸ்.

— உக்காரும்மா. அந்தப் படத்தைப் போட்டது நான்தான். என்னையே பார்த்துக்கிட்டு இருந்தேன், உன்னைப் பார்க்கல. தப்பு என்னோடது. இதோ, உன் கண்ணு முன்னாடியே எடுத்துடறேன். டீச்சர், எங்க அமுக்கணும்?

— அது கேமரா சார். இங்க. ம், போயிடுச்சு.

— பள்ளிக்கூடத்துப் பக்கத்துல போச்சு சார். பசங்க போன்ல இருக்கே?

— வகுப்பு வகுப்பாப் போய் நான் அழிக்க வைக்கிறேன்மா.

— நானும் வர்றேன், டீச்சர். தப்பு என்னோடதுன்னு மைக்குலயே சொல்றேன்.

— சுருக்கமாவா சார்?

— சுருக்கமாத்தான்! டி.சி. வேண்டாம்மா. நாளைக்கு வகுப்புக்கு வர்றியா?

— வர்றேன் சார். ஆனா வெளியே உக்காந்து கேட்டேனே, உங்க திட்டம், அதுல ஒரு வரி சேர்க்கணும். யார் படமா இருந்தாலும், அவங்களைக் கேட்டுட்டுத்தான் போடணும்.

— அவ்வளவுதானா? நாற்பது பக்கத்துல இது எங்கயும் இல்லையா, டீச்சர்?

— கலங்கரை விளக்கம்தான் இருக்கு சார்.

— ஒண்ணை எடுத்துட்டு இதைப் போடுங்க. ஆனா ஒரு சந்தேகம்மா. இதைப் போய் ஒருத்தர்கிட்ட எப்படிக் கேக்கறது? கூச்சமா இருக்காது?

— சுலபம் சார். அன்னைக்கு நான் விழுந்து எழுந்து கீழ வந்து உக்காந்தப்புறம், அம்மா போன்ல ஒரு படம் எடுத்தேன். மேடையில சிறப்பு விருந்தினர் பேசிக்கிட்டு இருக்கார். நீங்க நிர்வாகக் குழுத் தலைவர் தோள்ல சாஞ்சு, வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறீங்க. இதுவரைக்கும் யாருக்கும் காட்டல. போடட்டுமா, சார்?