முதல் இழுப்பு

— மரையில இன்னும் ஈரம் நிக்குது, செலிங் அக்கா. அதுக்குள்ள மூடாதீங்க.

— ரோடெல், ராசா, இந்தக் கடையில வேப் புகைக்குழாய் கழுவுறவ நானா நீயா? கல்லாப்பெட்டி மேல குழந்தை யேசு நிக்கிறார், அவரையே கேளு. இந்தப் பகோர் சந்தையில யாரு வாயில இருக்கிற குழாயும் என் கையில குளிக்காமப் போனதில்ல.

— கோவிச்சுக்காதீங்க. என் தம்பி இபோய் ஞாபகம் வந்துச்சு. ஸ்பிரிட் காயிற வரைக்கும் விசிறி முன்னாலயே உக்காந்திருப்பான். ஈரத்தோட மூடினா களிம்பு கட்டும்பான்.

— பாவம் பையன். இப்ப எப்படியிருக்கான்?

— உறிஞ்சுகுழல் வெச்சுக் கஞ்சி குடிக்கிறான். முன்பல்லு ஒண்ணும் இல்ல. உதட்டுத் தையல் பிரிச்சப்புறம்தான் பேச்சு எப்படி வரும்னு தெரியும்.

— அவனுக்காக மெழுகுவத்தி ஏத்துறேன், சத்தியமா. பெரிய மெழுகுவத்தி. ஆனா ஒண்ணு, சொன்னா உனக்குச் சுருக்குன்னு இருக்கும். இது வெறும் செம்புக் குழாய். போன்ல இருக்கிற மாதிரி, சூடு ஏறினாத் தடுக்கிறதுக்கு உள்ளே ஒண்ணும் கிடையாது. பட்டனை அமுக்கினா பேட்டரியோட மொத்த வேகமும் நேரா மேல ஏறும். முனை ரெண்டையும் துடைச்சு வெச்சாத் தங்கம். அழுக்கா விட்டா, அடுப்பை வாயில வெச்ச மாதிரி. பையன் துடைக்காம விட்டுட்டான், வாயிலயே வெடிச்சிருச்சு.

— ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் சொன்னீங்க. ஊர்த்தலைவர்கிட்டயும் அதைத்தான்.

— இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கார்ல, அங்கயும் அதைத்தான் சொல்வேன். நான் என்ன ஆளுக்கொரு விலை சொல்றவளா?

— உங்க சொல்லைக் கேட்டுத்தான் மோட்டார் கடை முதலாளி இபோயை வேலையை விட்டு நிறுத்திட்டார். தன் குழாயையே கழுவத் தெரியாதவன் எங்கிட்ட மோட்டாருக்குக் கம்பி சுத்த வேணாம்னு சொல்லிட்டார்.

— மெதுவாப் பேசு. எதிர்க்கடை மீன்காரி லோலெங்குக்குக் காது கத்தியைவிடக் கூர்மை.

— சரி, மெதுவா. பட்டன் முனையைப் பாத்தீங்களா?

— பாத்தேனே. உப்பும் கலமான்சி எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கலாம்னு பிரஷ்ஷை எடுத்தா, தேய்க்க ஒண்ணுமே இல்ல. கண்ணாடி. மரை இடுக்குல கூட ஒரு கரும்புள்ளி கிடையாது. சும்மா ஸ்பிரிட்ல முக்கி எடுத்தேன். இதை எதுக்குப்பா கழுவக் கொண்டாந்த?

— அது இபோயோடது. அவன்கிட்ட ரெண்டு குழாய். வெடிச்ச அன்னைக்குக் காலையில ரெண்டையும் ஒண்ணா உக்கார வெச்சுத்தான் கழுவினான். நான் பக்கத்துல பாண்டெசால் ரொட்டி தின்னுக்கிட்டிருந்தேன்.

— அதுக்கு? இது பளபளன்னு இருந்தா அதுவும் பளபளன்னு இருந்திருக்கணுமா?

— நான் ஒண்ணும் சொல்லலையே. காஞ்சிருச்சு பாருங்க. பேட்டரி போட்டு மூடுங்க. இந்தாங்க.

— இதென்ன, ஊதா உறை. பல்லி முத்திரை. நம்ம கடைது.

— உங்க கடையிலதான் பேட்டரியை ஜோடியா வாங்கினான். ஒண்ணு வெடிச்சுது. இன்னொண்ணு இருக்கணும்ல?

— அதைக் கீழ வை.

— ஏன்க்கா?

— வைன்னா வை. பையில சாவி கீவி எதோடயும் போடாதே. அந்த அட்டை மேல, மெதுவா.

— அசல் பேட்டரிதானே? பெட்டி பிரிச்ச புதுசுன்னு தலைவர் முன்னால அடிச்சுச் சொன்னீங்களே.

— அசல்தான். இல்லைன்னு எவன் சொன்னான்? இத்தனை நாள் சும்மா கெடந்துச்சுல்ல, சோர்ந்து போயிருக்கும். இரு, வேற தர்றேன். காசு வேணாம்.

— காசு வேணாமா?

— வேணாம்னேன்ல.

— பஞ்சு கேட்டா நகத்தால கிள்ளிக் குடுக்கிற கையாச்சே அக்கா இது!

— மனுஷிக்கு மனசு மாறக் கூடாதா? சார்ஜரும் எடுத்துக்க. குழாய்க்கு ஊத்துற மாம்பழச் சாறு புட்டி எடுத்துக்க. அட, ரெண்டா எடுத்துக்கப்பா, இபோய்க்கு ஒண்ணு.

— அவனுக்கு உதடே ஒட்டல.

— ஆமா. ஆமால்ல. மறந்துட்டேன்.

— எனக்கு இந்தப் பேட்டரிதான் வேணும். மேல கம்பிச்சுருள், பஞ்சு எல்லாம் புதுசாப் போட்டாச்சு, மாம்பழச் சாறும் ஊத்தியாச்சு. மூடிட்டு முதல் இழுப்பு இழுங்க.

— நானா?

— வாசல்ல பெயின்ட்ல பெருசா எழுதி வெச்சிருக்கீங்களே, கழுவின கையே முதல்ல இழுக்கும்னு. அதை நம்பித்தானே சந்தையே இங்க வருது.

— இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு.

— இவ்வளவு நேரம் மணி மாதிரி பேசுனீங்க.

— பேசித்தான் கட்டிருச்சு. அதோட ஒரு நேர்த்திக்கடன். புகை தொடறதில்லைன்னு.

— என்னைக்கிருந்து?

— இன்னையிலருந்து.

— நான் வாசல்ல வர்றப்ப இழுத்துக்கிட்டு இருந்தீங்க.

— அதுக்கப்புறம் நேர்ந்துக்கிட்டேன்! உனக்கென்ன, சாமிக்கும் எனக்கும் நடுவுல தரகு வேலை பாக்குறியா?

— சரி விடுங்க. நானே போட்டுக்கிறேன்.

— டேய், அட்டை மேலருந்து எடுக்காதே. ரோடெல்! மரையைச் சுத்தாதே!

— மூடிட்டேன். நல்லா வழுக்கிக்கிட்டுப் போகுது. நீங்க கழுவினதாச்சே.

— பட்டன்லருந்து கட்டைவிரலை எடு. நான் சொல்றதைக் கேளு, தம்பி. அதை அப்படியே அந்த மணல் வாளியில போடு. செம்புக் குழாய் போனாப் போகட்டும், புதுசு தர்றேன், கடையில எதை வேணும்னாலும் காட்டு.

— நீங்க இழுக்கலேன்னா நான் இழுக்கிறேன். கடை வழக்கம் கெட வேணாம்.

— வாயில வைக்காதடா!

— முனை சுத்தமா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னீங்க. இப்பத்தானே கண்ணாடின்னீங்க?

— முனையில ஒண்ணும் இல்லடா!

— அப்ப எதுல?

— உங்கம்மாவுக்கு ஒரு பிள்ளை வாய் போனது போதாதா? எடு வெளியே, எடுன்னா!

— எதுலக்கா?

— பேட்டரியிலடா பாவி! அது புதுசே இல்ல! செத்துப்போன லேப்டாப்பைப் பிரிச்சு எடுத்தது! நான்தான் உறை மாட்டினேன், பின்கட்டுல உக்காந்து நானேதான் மாட்டினேன், போதுமா?

— ரெண்டுமா?

— ரெண்டும்தான்! ஜோடின்னு வித்தேன்ல!

— அப்ப களிம்பு?

— களிம்பும் இல்ல ஒரு மண்ணும் இல்ல! அந்தப் பையன் கழுவுற மாதிரி இந்தச் சந்தையில எவனும் கழுவ மாட்டான், நானே கழுவ மாட்டேன்! கீழ வை! ஐயோ, அமுக்கிட்டியே... அமுக்கிட்டியேடா...

— ம்ம். மாம்பழம் நல்லா இனிக்குது.

— ரோடெல்? உனக்கு... சூடாகலையா? குழாய் சுடலையா?

— சத்தத்தைக் குறைங்கக்கா. லோலெங் மீன் வெட்டுறதை நிறுத்திட்டா. பக்கத்துக் கடை அரிசிக்காரரும் வந்து நிக்கிறார் பாருங்க. மூணு மணிக்கு எல்லாரும் சேர்ந்தே போகலாம்.

— ஏன்டா வெடிக்கல?

— அந்த ஜோடியில வெடிக்காம மிஞ்சினது வீட்டுல மணல் டப்பாவுக்குள்ள பத்திரமா இருக்கு. இது நேத்து மணிலாவுல பெட்டி பிரிச்சு வாங்கின அசல். ஊதா உறை மட்டும் உங்க கடையில சில்லறையா வாங்கி நானே மாட்டினேன்.