இரண்டு திரையும் ஒரே பட்டியலும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தில் பழுத்து அன்பில் இனிக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, அச்சு எந்திரத்தின் இரைச்சலை இன்னும் காதிலே சுமந்திருக்கும் தோழர்களே, இரண்டாம் வரிசையிலிருந்து என்னையே உற்றுப் பார்க்கும் என் மாமியார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரு பிழையும் தப்பவிடாத மெய்ப்புத் திருத்துநர் என்று இந்தக் கேடயத்தை என் கையிலே கொடுத்தீர்கள். நன்றி சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் நாக்கு நன்றியை நாடவில்லை, நடந்ததைச் சொல்லவே நாடுகிறது.

என் ஓரகத்தியை, நீங்கள் எல்லோரும் சின்னவள் என்று அழைப்பவளை, உங்களுக்குத் தெரியும். என்னைப் போலவே மெய்ப்புத் திருத்துபவள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டோம், ஒரே அலுவலகத்தில் வேலைப்பட்டோம். ஒருநாள் அவள் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிறு பெட்டியை வாங்கி வந்தாள். யுஎஸ்பி-சி ஹப் என்றாள். மடிக்கணினியில் ஒரே ஒரு கம்பி செருகினாள், மேசைமேல் இரண்டு பெரிய திரைகள் எரிந்தன. அவை மட்டுமா எரிந்தன? என் வயிறும் எரிந்தது. மேலாளர் பார்த்து வியந்தார், மாமியார் கேட்டு மகிழ்ந்தார். நான்? பொறாமையில் பொசுங்கினேன். ஆமாம் தாய்மார்களே, சிரியுங்கள், உங்கள் வீட்டிலும் ஓரகத்தி உண்டு.

மறுவாரமே நானும் ஒரு ஹப் வாங்கினேன். கிடங்கிலிருந்து இரண்டு திரைகளைக் கேட்டுப் பெற்றேன். எப்படி இணைப்பது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பேனா? மூத்தவள் போய் இளையவளிடம் கேட்பதா? நானே செருகினேன். இரண்டும் எரிந்தன. தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்று வந்த வேலை, குழந்தைகளுக்கான இருமல் மருந்தின் அளவுப் பட்டியல். பழைய பதிப்பைத் திறந்தேன், அடுத்துப் புதிய பதிப்பைத் திறந்தேன். நிமிர்ந்தால் இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல். பழையது இடம், புதியது வலம் என்று நானாகவே முடிவு கட்டினேன். எண்ணுக்கு எண் ஒப்பிட்டேன். அச்சு அசலாய் ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் எங்கே போகும்? இரண்டு திரையிலும் நின்றது ஒரே புதிய பட்டியல்தானே. தனித்தனியாகக் காட்டு என்று கணினிக்குச் சொல்ல வேண்டுமாம். நான் சொல்லவே இல்லை. சோதனைப் பிரதியில் பிழை இல்லை என்று கையெழுத்திட்டு அச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன். சின்னவளை ஒரு பார்வையும் பார்த்தேன்.

இன்று காலை அச்சுக்கூடத்துக்காரர் பழைய தாள்களை ஒதுக்கும்போது அந்தச் சோதனைப் பிரதியை என்னிடம் நீட்டினார். என் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வட்டம். ஐந்து மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது மில்லி. ஐந்து எங்கே, ஐம்பது எங்கே? அதைக் குடிக்கப்போவது யார்? கைக்குழந்தை ஐயா, கைக்குழந்தை. வட்டமிட்டது சின்னவளின் கை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"தண்ணி குடிக்க வந்தப்போ பாத்தேங்க்கா. ரெண்டு திரையிலயும் மவுஸ் அம்பு ஒண்ணாவே நடந்துச்சு. நீங்க சாப்பிடப் போனதும் அச்சுக்கூடத்துக்குப் போயி, அச்சிட்ட பழைய தாள வச்சுப் படிச்சு, அச்சேறும் முன்னாடி வட்டம் போட்டேன். அப்புறமா உங்க ரெண்டு திரையும் தனித்தனியாக் காட்டுற மாதிரி மாத்திட்டேன்."

"அதைத்தான் கேக்கறேன். சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா பெட்டியவே தூக்கிப் போட்டிருப்பீங்க. மறுபடி ஒத்தத் திரையில கண்ணக் கெடுத்துக்குவீங்க."

சபையோரே, அவள் திரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், திரை வாங்கினேன். அவள் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், கெட்டிக்காரியாய் நடித்தேன். இந்த மனசைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனே, இதை எந்தக் கடையில் வாங்குவேன்? எதைச் செருகினால் எனக்கு அது எரியும்?

மாமியாரே, கைதட்டலை என் பக்கம் அனுப்பாதீர்கள். சின்னவளே, எழுந்து வா. இந்தக் கேடயத்தை வாங்கிக்கொள். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ மேடையேறி வரும் இந்த நொடியிலும் எரியத்தான் செய்கிறது. எரியட்டும். ஒரு குழந்தை நன்றாக இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, பொறாமையோடு பேசிய இந்த மூத்தவளின் வணக்கம்.