கை நனைக்காத விருந்தாளி

—அஞ்சரைக்கு எழுந்திருப்பேன். மெத்தையச் சுருட்டி சீட்டுக்குப் பின்னால வைப்பேன். அடுப்புல தண்ணி காயும். அது காயறதுக்குள்ள சவரம். கோப்பி. ரெண்டு பிஸ்கட். வேனச் சுத்தி ஒரு நடை, டயரப் பார்ப்பேன். ஆறரைக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.

—அப்புறம், தம்பி?

—அப்புறம் ஒண்ணுமில்ல, அக்கா. வண்டிய எடுப்பேன்.

—ஏழு மாசமா இதேதானா?

—இதேதான்.

—வீடு மாதிரியே வச்சிருக்கீங்க. கட்டிலு, கொசுவல, தண்ணித் தொட்டி. பழைய ரொட்டிக்காரன் வேனுன்னு சொன்னா ஒருத்தன் நம்ப மாட்டான்.

—நம்புறாங்க. காலைல உங்க தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைங்க நாலு பேரு வந்து நின்னாங்க, பன்னு இருக்கான்னு. வெளிய ரொட்டிக் கம்பெனி சேவல் படத்த நான் இன்னும் அழிக்கல.

—இந்தாங்க, கோப்பி. சூடா இருக்கு, பார்த்துப் புடிங்க.

—குடிச்சிட்டேன்.

—நேத்தும் குடிச்சிட்டேன்னீங்க. முந்தாநாளு கருவாட்டுக் கொழம்பு வச்சு சோறு கொண்டாந்தேன், பசியாறியாச்சுன்னீங்க. மூணு நாளா என் வாசல்ல வண்டி நிக்குது. என் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு உங்க வாயில படல. மொகம் கழுவக்கூட கோயில் குழாயடிக்கு நடக்குறீங்க.

—அங்க தண்ணி நல்லா வருது.

—லைனே பார்க்குது, தம்பி. "ஒந் தங்கச்சி புருசன் ஏன்டி ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டேங்குறாரு"ன்னு அந்த முத்தம்மா என் மூஞ்சிக்கு நேரா கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?

—உள்ளதச் சொல்லுங்க.

—என்ன உள்ளது?

—அது உங்களுக்குத்தான் தெரியும்.

—இப்படியே பேசுறீங்க. ஒரு வார்த்த, அரை வார்த்த. கல்யாணமான புதுசுல நல்லாத்தான் பேசுவீங்க. எந் தங்கச்சி சீனி சிரிச்சுச் சிரிச்சு பொரையேறிக் கெடப்பா.

—அது அப்போ.

—இன்னைக்குக் கெளம்புறீங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. மெய்யாவா?

—ஏழு மணிக்கு. லுமுட்டுல கடலோரமா ரெண்டு நாள். அப்புறம் தைப்பிங் பக்கம், மலையேறணும்.

—தன்னந்தனியா காட்டுலயும் அருவியோரத்துலயும் படுத்துக் கெடக்குறீங்களே, பயமா இருக்காதா?

—எதுக்குப் பயம்?

—பாம்பு, பூச்சி. மழ வந்தா ஆறு ஏறும்.

—போன மாசம் ஏறுச்சு. சக்கரம் பாதி முங்குச்சு. உள்ளயே படுத்திருந்தேன். காலைல வத்திப் போச்சு.

—எறங்கி மேட்டுப் பக்கம் ஓடலயா?

—தோணல.

—தம்பி, நீங்க போறதுக்குள்ள எனக்குள்ளதக் குடுத்துட்டுப் போங்க.

—உங்களுக்கு என்ன இருக்கு?

—தெரியாத மாதிரி கேக்காதீங்க. சிம்பாங் பூலாய்க்குப் போயி ராமையா சித்தப்பாவுக்குக் குடுத்தீங்க. ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போயி சன்னாசி அண்ணனுக்குக் குடுத்தீங்க. சாகுறப்ப சீனி சித்தப்பாவோட முட்டி வலி தேவலயான்னு கேட்டாளாம். அத வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லி அழுவுது அந்த மனுசன். அண்ணனோட படகுக்குப் புது இஞ்சினு மாட்டியாச்சான்னு கேட்டாளாம். அண்ணன் அந்த இஞ்சினுக்கு மாலையே போட்டுட்டாரு. எனக்கு மட்டும் நீங்க ஒண்ணும் சொல்லல.

—அதெல்லாம் புதன்கிழமை கேட்டது. ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கு. காய்ச்சல்ல எல்லாரையும்தான் கேட்டா.

—அப்ப அது கடைசி வார்த்த இல்லையா?

—இல்ல. அவங்களுக்கு வேணும்னாங்க. குடுத்தேன்.

—கடைசி என்ன, தம்பி? நெசமான கடைசி.

—உங்களுக்கு எதுக்கு?

—எதுக்கா? எங்கம்மா போறப்ப அவளுக்கு ரெண்டு வயசு. பிள்ளைங்கள விடுற ஆயக்கொட்டாயில விட்டா அழுவான்னு முதுகுல கட்டிக்கிட்டு ரப்பர் பால் வெட்டுனவ நானு. என் முதுகெல்லாம் அவ மூத்திரம்தான். அவ வாய் திறந்து கடைசியா யாரக் கூப்பிட்டான்னு எனக்குத் தெரிய வேணாமா? ஏழு மாசமா சோறு எறங்கல. என்னைய நெனச்சாளா, என்னைய வஞ்சாளா, ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. வஞ்சிருந்தாலும் சொல்லுங்க.

—சொல்றேன். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு சொல்லுங்க.

—கேளுங்க.

—தந்தி என்னைக்கு வந்துச்சு?

—எந்தத் தந்தி?

—நான் உங்களுக்கு எத்தன தந்தி குடுத்தேன், அக்கா?

—அது... மக சடங்கு முடிஞ்சு, ஞாயித்துக்கெழம சாயந்தரம்.

—ஞாயித்துக்கிழமை தந்தி கொண்டாந்தாங்களா?

—இல்ல, இல்ல, திங்கக்கெழம. திங்க காலைல. கையில வாங்குனதும் போட்டது போட்டபடி ஓடியாந்தோம். அன்னைக்கு மத்தியானம் வந்துட்டோம்ல?

—வந்தீங்க. சனிக்கிழமை அவ செத்தா. ஞாயித்துக்கிழமை எரிச்சேன். நானும் என் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க ரெண்டு பேரும். திங்கக்கிழமை நீங்க வந்தீங்க.

—எங்க விதி அப்படி, தம்பி. இந்தா, எங்க வீட்டுக்காரரே வர்றாரு.

—சகலை, இஞ்சின் சூடு பண்ணியாச்சா? ஹாரன மட்டும் அடிச்சிராதீங்க லா. நேத்து ஒருவாட்டி அடிச்சீங்க, மேல் லைன் இருளாயி கூடையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டா, ரெண்டு ரொட்டி குடுன்னு. என்ன ராக்கு, கண்ணத் தொடச்சுக்கிட்டு நிக்குற? தங்கச்சி புருசன் போறாருன்னா?

—அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. தந்தி என்னைக்கு வந்துச்சு?

—தந்தியா? இப்ப எதுக்கு சகலை அதெல்லாம்?

—சும்மாதான்.

—சனிக்கெழம லா. சனிக்கெழம மத்தியானம். நல்ல மழ. போஸ்மேன் தொப்பலா நனைஞ்சு வந்தான், நாந்தான் துண்டு குடுத்தேன்.

—அக்கா திங்கக்கிழமைன்னாங்க.

—அப்ப திங்கதான். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் பந்தலு, வாழ மரமுன்னு பேயா ஓடிக்கிட்டு இருந்தேன். எனக்கென்ன தெரியும்?

—துண்டு குடுத்தது தெரியுது.

—என்ன சகலை, போலீஸ்காரன் மாதிரி கேக்குறீங்க?

—முந்தாநாளு டவுனுக்குப் போனேன். போஸ்ட் ஆபீஸ்ல என்கூடப் படிச்சவன் இருக்கான். ஏடு எடுத்துக் காட்டுனான். வியாழக்கிழமை, காலைல பதினொண்ணு இருபது. வாங்குனவர் கையெழுத்து, பத்துமலை. உங்க பேருதான், அண்ணே.

—ராக்கு, நீ உள்ள போ.

—நான் போகல.

—உள்ள போடிங்குறேன். சகலை, இங்க பாருங்க. நீங்க படிச்சவரு. வெள்ளிக்கெழம நேர்லயே வந்திருக்கலாம்ல? அன்னைக்கே இந்த வேன் உங்ககிட்ட இருந்துச்சுல்ல? தந்தி குடுத்துட்டு கம்முனு உக்காந்துட்டு, இப்ப வந்து எங்களக் கேக்குறீங்க.

—அவளத் தனியா விட்டுட்டா?

—ஆபீசுக்குப் போன் போட்டிருக்கலாம்.

—தோட்டம் கைமாறுனதுல இருந்து உங்க ஆபீஸ் பூட்டிக் கெடக்கு, அண்ணே. சித்தப்பா இங்க. சன்னாசி அண்ணன் இங்க. புதன்கிழமையில இருந்து எல்லாரும் உங்க பந்தல்ல. அதான் ஒரே தந்தி. உங்களுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுத்த மாதிரின்னு நெனச்சேன்.

—என் மகளுக்கு அது ஒருவாட்டி வர்ற சடங்கு. தாய்மாமன் சீர் வந்து எறங்கிருச்சு. ஆட்ட அறுத்தாச்சு. உங்க பொண்டாட்டி போறது போகத்தான் போறா, அதுக்கு நாங்க என்ன...

—வாய மூடுங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம், போங்க. போயி சைக்கிள எடுத்துக்கிட்டு வேலைக்குப் போங்க. இது என் தங்கச்சி. நாஞ் சொல்றேன்.

—நீ சொல்லி என்னாவப் போவுது?

—போங்கன்னேன்.

—சரி லா. எக்கேடோ கெட்டுப் போங்க ரெண்டு பேரும்.

—அண்ணன் போயிட்டாரு. சொல்லுங்க, அக்கா.

—வியாழக்கெழமதான். நான் மஞ்ச அரைச்சுக்கிட்டு இருந்தேன். அவரு கையெழுத்துப் போட்டு வாங்கியாந்து என் முன்னால நீட்டுனாரு. பிரிக்கட்டான்னாரு. வேணாம்னேன்.

—பிரிக்கலையா?

—பிரிக்கல. காதுல விழுந்தாத்தானே தம்பி தீட்டு? சேதி கேட்டாத்தான் தீட்டு, கேக்காத வரைக்கும் இல்ல. பூசாரிகிட்ட ஊரார் கத மாதிரி போயி கேட்டேன். அவரும் அதத்தான் சொன்னாரு. பிரிச்சுப் படிச்சா சடங்கு நின்னுரும். எம் மக தேன்மொழி குச்சுக்குள்ள உக்காந்திருந்தா. பதினாறு நாளு முடியப் போவுது. எப்ப வருவீங்க, எப்ப தண்ணி ஊத்துவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. மூணே நாளுதானேன்னு நெனச்சேன்.

—யாரு சேதின்னு தெரியாமயா?

—மேல ஈப்போன்னு இருந்துச்சு. அங்க எனக்கு வேற யாரு இருக்கா?

—சித்தப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரியுமா?

—தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவங்ககிட்ட சொல்லிராதீங்க.

—மூணு நாளும் எங்க வச்சிருந்தீங்க?

—அரிசித் தொட்டிக்கு அடியில. சனிக்கெழம சோத்துக்கு அரிசி அள்ளுறப்பல்லாம் கை அதுல இடிச்சுது.

—திங்கக்கிழமை ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கிட்டு வந்தீங்க.

—நல்லாத்தான் இருப்பா, சும்மா காய்ச்சலா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். பஸ்ஸுல வர்றப்பக்கூட அவகிட்ட சடங்குக் கதையெல்லாம் சொல்லணும்னு வந்தேன்.

—தெரியும். கையில ஆரஞ்சப் பார்த்ததும் தெரிஞ்சுது, நீங்க படிக்கலன்னு. ஆனா தந்தி வந்திருக்குன்னும். சும்மா வர்றவங்க காய்ச்சல்காரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கியாற மாட்டாங்க.

—அப்பவே தெரியுமா? பின்ன ஏன் தம்பி ஏழு மாசமா ஒண்ணும் கேக்கல?

—நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். மூணு நாள் வாசல்ல நின்னும் பார்த்தேன்.

—அதுக்குத்தான் வந்தீங்களா? என்னப் பார்க்க வரலையா?

—இல்ல. தந்திய இப்ப எங்க வச்சிருக்கீங்க?

—இருக்கு.

—கொண்டாங்க.

—இடுப்புலதான் வச்சிருக்கேன். வேன் வந்ததுல இருந்து இங்கதான் வச்சிருக்கேன். இந்தாங்க.

—ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு.

—பிரிக்க மனசு வரல.

—இப்பப் பிரிக்கலாமா? இப்ப தீட்டு இல்லையே.

—வேணாம், தம்பி. உங்க கால்ல விழுறேன். பிரிக்காதீங்க.

—சின்னதுதான். "சீனி ரொம்ப மோசம். உன்னைக் கேட்கிறாள். உடனே வா." அவ்வளவுதான்.

—என்னக் கேட்டாளா?

—வியாழக்கிழமை காலைல கேட்டா. அக்காவுக்குச் சொல்லிவிடுங்கன்னு. அதுக்கப்புறம்தான் தந்தியடிச்சேன். ரெண்டு நாள் வார்டு வாசல்லயே நின்னேன். உங்க பக்கத்துல இருந்து சித்தியவான் பஸ் வர்ற நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம்.

—நான் வரலன்னு என்ன நெனச்சா? என்னைய வஞ்சாளா?

—நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க. நானும் சொல்றேன். உக்காருங்க.

—நிக்குறேன். சொல்லுங்க.

—சனிக்கிழமை காலைல பத்து மணி இருக்கும். ரத்தம் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. கண்ணு முழிச்சா. தெளிவா இருந்தா. இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டா. சனின்னேன். நாளைக்குத் தேன்மொழிக்குச் சடங்குன்னா. ஆமான்னேன்.

—நெனப்பு வச்சிருந்தா.

—வச்சிருந்தா. வியாழக்கிழமை என்ன சொன்னோம்னு அவளுக்கு நெனப்பில்ல. அக்காவுக்குச் சொல்லிட்டீங்களான்னு புதுசாக் கேட்டா.

—நீங்க என்ன சொன்னீங்க?

—இல்லன்னேன்.

—ஏன்?

—சொல்லிட்டேன்னா, ஏன் வரலன்னு கேப்பா.

—அதுக்கு அவ?

—சிரிச்சா. என் கையப் புடிச்சுக்கிட்டா. ஒரே ஒரு வார்த்ததான் சொன்னா. அதுக்கப்புறம் பேசல. மத்தியானம் போயிட்டா.

—என்ன சொன்னா, தம்பி?

—"நல்ல வேள சொல்லல. தெரிஞ்சா அக்கா சடங்கையும் போட்டுட்டு ஓடியாந்துரும்."