பத்திரம் சாமி

என் பெயர் பழனியம்மாள், வயது 43, கணவர் பெயர் தீர்த்தகிரி. மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே உஞ்சக்காட்டில் குடியிருந்து வருகிறேன். என் வீட்டுக்காரர் விளம்பர ஆட்டோ ஓட்டுகிறார், மைக்கில் பேசுவது நான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, ஆடு காணாமல் போனது, கண் சிகிச்சை முகாம், எதுவானாலும் சுத்துப்பட்டு ஊர்களில் என் குரல்தான். எஸ்.ஐ. அம்மா உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியவில்லை, நின்றபடியே சொல்கிறேன், சொல்கிறபடியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சென்ற தை மாதம் எங்கள் ஊர்த் தலைவர் ரமேஷ்குமார் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். செல்போனில் ஒரு கால்தடப் போட்டோவைக் காட்டி, ஏரிக்குள் சிறுத்தை வந்திருக்கிறது, ஜனம் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றார். நானும் நம்பினேன். "ஏரிப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உள்ளது, யாரும் போக வேண்டாம், நம் தலைவர் கண் துஞ்சாமல் காத்து வருகிறார்" என்று அவர் எழுதிக் கொடுத்ததைப் பேசிப் பதிவு செய்தபோது, கடைசியில் நானாகவே "பத்திரம் சாமி" என்று சேர்த்தேன். எங்கள் பக்கம் பெரியவர்களையும் சாமி என்போம், கைக்குழந்தையையும் சாமி என்போம், வாய்ப் பழக்கமாக வந்துவிட்டது. தலைவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "அந்தச் சாமி ஒண்ணு போதும் அம்மணி, மத்தத ஜனமே நம்பிக்கும்" என்றார். பென் டிரைவில் ஏற்றித் தானும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு சிறுத்தை அவர் சொன்னபடி நடந்தது. கிராம சபைக்கு நாள் குறித்தால் ஊருக்குள் வந்துவிடும், கூட்டம் ரத்து. பத்து நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை என்று பெண்கள் குடத்தோடு கிளம்பிய அன்றைக்கு அது குட்டி போட்டது. ஊரில் ஒரு கோழியைக்கூட அது தூக்கவில்லை. ஆனாலும் தலைவருக்கு நன்றி என்று மூன்று இடத்தில் பேனர் கட்டினார்கள், "இந்தச் சமயத்துல இவர மாத்துனா நம்ம கதி என்னாகறது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஆள் போகாத ஏரியில் பட்டப்பகலில் டிப்பர் லாரிகள் மண் அள்ளின. லாரிக்காரர்களை மட்டும் சிறுத்தை ஒன்றும் செய்யாதா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வாய மூடிட்டு இரு" என்றார். மைக் பேசிப் பிழைக்கிறவளிடம் சொல்கிற பேச்சைப் பாருங்கள். ஆனாலும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு ஒருநாள், ஆடு மேய்க்கிற சின்னான், வயது அறுபது இருக்கும், எங்கள் ஆட்டோவை மறித்தார். தலைவர் காட்டிய அதே போட்டோ அவர் போனுக்கும் வந்திருந்தது. "தடத்துல நகம் பதிஞ்சிருக்குது பாருங்க அம்மணி. சிறுத்தை நகத்த உள்ள இழுத்துட்டு நடக்கும். இது நாயிங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போகிற இடமெல்லாம் அதையே சொன்னார். நாலாம் நாள் தலைவர் புதுக் காகிதம் கொடுத்தார். அதில் "சிலர் சிறுத்தைக்கு ஆடு கட்டி வளர்க்கிறார்கள், அவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும்" என்று இருந்தது. பெயர் இல்லை. பெயர்தான் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கூசாமல் பேசினேன். அதற்கும் பத்திரம் சாமி சேர்த்தேன்.

கடந்த புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நாங்கள் ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தபோது, தலைவரின் கார் டிரைவர் நந்தகுமாரும் முகத்தில் துண்டு கட்டியிருந்த இரண்டு பேரும் சின்னானைத் தடியால் அடிப்பதைப் பார்த்தேன். அவருடைய ஆடுகள் ஓடாமல் சுற்றி நின்றன. ஒவ்வொரு அடிக்கும் நந்தகுமார் என்னைப் போலவே குரலை இழுத்து "பத்திரம் சாமி, பத்திரம் சாமி" என்றான். என் வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பிவிட்டார். நிறுத்துங்கள், நான் இறங்குகிறேன் என்று கத்தினேன். கத்தினேனே தவிர இறங்கவில்லை. அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

மறுநாள் காலை தலைவர், சின்னானைச் சிறுத்தை அடித்துவிட்டது என்று பேசச் சொன்னார். மாட்டேன் என்றேன். "நீ ஊட்டுலயே இரு அம்மணி, உன்ற குரல்தான் எங்கிட்ட இருக்குதே" என்றார். சின்னான் சேலத்தில் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். சிறுத்தை அடித்ததாக எழுதிக் கேஸை முடிக்கப் போகிறார்கள் என்று அவர் சம்சாரம் குப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அதன்பிறகு வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி இங்கே வந்தேன்.

எஸ்.ஐ. அம்மா இதைப் படித்துக் காட்டும்போதே ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோ போனது. சிறுத்தை நடமாட்டம் உள்ளது, பத்திரம் சாமி என்று நான் சொல்வது உள்ளே வரைக்கும் கேட்டது. ஏட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். ஓட்டிப் போகிறது என் வீட்டுக்காரர்தான், வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். வெளியே போகிற குரலும் என்னுடையதுதான், அது பொய். இங்கே சொன்னது என் கண்ணால் பார்த்தது, யாரும் எழுதிக் கொடுக்காதது, நான் சொன்னதற்குக் கூடக்குறைய இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) தீ. பழனியம்மாள்