கம்பியின் உயரம்

கிடாரைத் துடைப்பதற்குப் பழைய பனியனை மிஞ்சிய துணி கிடையாது. கடையில் அதற்கென்றே மஞ்சள் நிறத்தில் ஒரு துணி விற்கிறார்கள், நானும் வாங்கியிருக்கிறேன். சில முறை தோய்த்ததும் அது சொரசொரத்துவிடும். பனியன் நைய நைய மெத்தென்று வரும். என் வீட்டில் நான் போட்டுக்கொள்கிற பனியனில் ஓட்டை இருக்கும், கிடார் துடைக்கிற பனியனில் இருக்காது. நான் எப்படிப்பட்ட ஆள் என்று இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

என் பெயர் பிலவேந்திரன். ஊர் வடக்கனந்தல். சர்க்கரை ஆலையின் எடைமேடையில் வேலை. கரும்பு வண்டி வந்து நிற்கும், எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். ஞாயிறு தோறும் கச்சிராயபாளையம் மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பேன். பாட்டுக்கு அடியில் கும்மென்று ஓடுமே, அந்தச் சத்தம் தடித்த கம்பிகள் கட்டிய இந்த பேஸிலிருந்துதான் வருகிறது.

என்னிடம் பல பேஸ்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பாட்டின் ஒரே நாலு சுரத்தை வாசித்து ஒப்பிட்டுப் பார்ப்பதில் என் மதியங்கள் போகும். ஜப்பான் பேஸுக்கு அடிக்குரல் கனம். இந்தோனேசியாவில் செய்ததற்கு நடுக்குரல் தெளிவு. பின்பக்கம் கம்பி தாங்குகிற பிரிட்ஜைப் பித்தளையில் மாற்றினால் சத்தம் நீளும் என்று எங்கோ படித்துவிட்டு மாற்றினேன். நீண்டதா என்று கேட்காதீர்கள். நீண்டது என்று நம்பினேன். என் மனைவி உபகாரமேரி சமையல்கட்டிலிருந்து, "எல்லாம் ஒரே டொம்முதான் கேக்குது, எதுக்கு இத்தினி?" என்பாள். அவளுக்குக் காது போதாது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

வாசிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தேர்த் திருவிழாவில் மைக் செட் குமார் என் வயரைச் செருகிவிட்டு ஒலியைத் திறக்க மறந்துவிட்டான். பூசை முடியும்வரை நான் முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு பொட்டுச் சத்தம் வெளியே போகவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எனக்கும்தான். கடைசியில் குமார் வந்து, "அண்ணே, மன்னிச்சிக்க, உன்து ஓப்பன் பண்ணவே இல்ல" என்றான். "பரவால்லப்பா" என்றேன். பெருந்தன்மைக்காரன் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

நான்சி அதற்குப் பிறகுதான் வந்தாள். எங்கள் குழுத் தலைவன் ஜோஸ்வாவைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து வந்தவள். ஜோஸ்வா மலைமேல் கரியாலூரில் பள்ளி ஆசிரியர். நான்சி கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். சின்ன உருவம், சின்னக் கைகள். கல்லூரியில் பேஸ் வாசித்திருக்கிறாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு ஞாயிறு, கோயிலில் நான் விட்டு வைத்திருந்த பேஸை அவள் எடுத்து வாசித்திருக்கிறாள்.

பூசை முடிந்து உபகாரமேரி வீட்டுக்கு வந்தாள். எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு மீன் கழுவ உட்கார்ந்தாள். கழுவிக்கொண்டே எதையோ முனகினாள். உற்றுக் கேட்டேன். அது பாட்டின் மெட்டு அல்ல. பாட்டுக்கு அடியில் பேஸ் போகிற போக்கு. கல்யாணமான நாளிலிருந்து என் பேஸைக் கேட்டுக்கொண்டிருப்பவள், ஒரு நாளும் அதை முனகியதில்லை.

"இன்னா பாடுற?" என்றேன்.

"தெரியல. காலைலேர்ந்து வாயில வந்துகினே இருக்குது" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. வேறு யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பேன், இல்லை.

அடுத்த வாரம் குழு கூடியபோது நானே எழுந்து, இனி நான்சி வாசிக்கட்டும் என்றேன். ஜோஸ்வா பதறிப்போனான். "அண்ணே, நீ இருக்கும்போது எப்படிண்ணே?" என்றான். "நான் கருவிங்கள பாத்துக்கறேம்ப்பா. அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல" என்றேன். கைதட்டினார்கள். நான்சி கண்கலங்கி, "தேங்க்ஸுண்ணா" என்றாள். அந்த நேரத்தில் என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை என்றுதான் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கென்று ஒரு பேஸ் வாங்க சேலத்துக்குப் போனோம். பேஸைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள்தான் என்று இருவரும் என்னைக் கூட்டிப் போனார்கள். கடைக்காரர் அவள் கையைப் பார்த்ததுமே கழுத்து குட்டையான, எடை கம்மியான ஒரு பேஸை எடுத்துக் கொடுத்தார். அவள் மடியில் வைத்ததும் அது அவளுக்கென்றே செய்தது போல உட்கார்ந்துகொண்டது. இரண்டு சுரம் வாசித்துவிட்டுச் சிரித்தாள். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பேச ஆரம்பித்தேன். குட்டைக் கழுத்தில் கம்பி தளரும், அடிக்குரல் பஞ்சு மாதிரி கேட்கும், கோயில் கூரையின் உயரத்துக்கு அது எடுபடாது. மரத்தைப் பற்றிச் சொன்னேன், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பைப் பற்றிச் சொன்னேன், பிரிட்ஜின் எடையைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்நாளில் யாரும் அவ்வளவு நேரம் நான் பேசுவதைக் கேட்டதில்லை. கடைசியில் ஐந்து கம்பிகள் கட்டிய, கழுத்து அகலமான, கடையிலேயே ஆகக் கனமான பேஸை அவள் தோளில் மாட்டினேன். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

"வெய்ட்டா இருக்குதேண்ணா."

"வெய்ட்டுலதாம்மா சத்தமே. பழகிடும்."

குட்டைக் கழுத்து பேஸை நான் பிறகு ஒருநாள் தனியாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்ற கவலை. அவள் திரும்பப் போய் வாங்கிவிடுவாள் என்ற கவலை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

இனி பராமரிப்பு. பேஸின் கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். கம்பி தாழ இருந்தால் விரலால் லேசாக அழுத்தினாலே போதும். உயரே இருந்தால் பலம் போட்டு அழுத்த வேண்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் திருகு உண்டு. சின்ன ஆலன் கீ ஒன்று இருந்தால் கம்பியை ஏற்றலாம், இறக்கலாம். மாதா மாதம் பேஸை என் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். பனியனால் துடைத்தேன், ஆணிகளுக்கு எண்ணெய் போட்டேன், கழுத்துக் கட்டையில் எலுமிச்சை எண்ணெய் தடவினேன். அப்புறம் எல்லாக் கம்பிகளையும் கொஞ்சம் ஏற்றினேன். கண்ணுக்குத் தெரியாத அளவு. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு இன்னும் தடித்த கம்பிகளைக் கட்டினேன், அதற்குக் காசுகூட வாங்கவில்லை. இவ்வளவு நுணுக்கமான வேலையை என் சொந்த பேஸ்களுக்கு நான் செய்ததில்லை.

அவள் நன்றாகவே வாசித்தாள். அதுதான் எரிச்சல். கை வலிக்கிறது என்று முதலில் சொன்னபோது, "பேஸுன்னா வலிக்கத்தான் செய்யும். விரல் காய்ச்சிப் போனாத்தான் வாசிக்கிறவன்னு அர்த்தம்" என்றேன். என் விரல்கள் எப்போதும் பூ மாதிரி இருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஒருமுறை என் ஜப்பான் பேஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது மட்டும் எப்படிண்ணா இவ்ளோ சாஃப்டா இருக்குது?" என்று கேட்டாள். "இது ஜாஸ்தி வெலம்மா. கம்மி வெலைல இந்த சாஃப்ட்டு வராது" என்றேன். நம்பினாள். சேலத்துக்குப் பிறகு, பேஸ்களை ஒப்பிட்டுப் பேசி நான் ஒருவரை நம்பவைத்தது அது இரண்டாவது முறை.

அப்புறம் அந்தப் பால் விஷயம். நான்சிக்கு இடது கை மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. ஒரு காலையில் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கும்போது கை பிடி விட்டுவிட்டது. தவழ்கிற வயதில் இருந்த அவள் குழந்தை காலடியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. பெரிய காயம் இல்லை. கணுக்காலுக்குக் கீழேதான், குழந்தையின் ஒரு பாதம் மட்டும் வெந்தது.

நானும் உபகாரமேரியும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியிருந்தது. நான்சி சுவரில் சாய்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கை எனக்கே கேக்க மாட்டேங்குது அக்கா" என்று உபகாரமேரியிடம் சொன்னாள். உபகாரமேரி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தடவினாள். ஜோஸ்வா அறை மூலையில் இருந்த பேஸைக் காட்டி, "அடுத்த வாரம் மலைல சிற்றாலயம் அர்ச்சிப்புண்ணே. இவ வாசிக்கறேன்னு ஒத்துக்கினா. முடியுமான்னு தெரியல" என்றான்.

"எடுத்துக்கினு போய்ப் பாக்கறேன். கொஞ்சம் சாஃப்ட் பண்ணித் தர்றேன்" என்றேன்.

எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் கிடத்தினேன். கம்பிகளை இறக்குவதற்காகத்தான் ஆலன் கீயைக் கையில் எடுத்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். திருகை எந்தப் பக்கம் திருப்பினால் இறங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சமையல்கட்டில் உபகாரமேரி பாத்திரம் கழுவிக்கொண்டே முனகினாள். குழந்தையை நினைத்துக்கொண்டுதான் முனகியிருப்பாள். ஆனால் முனகியது அந்த பேஸ் வரி. நான் திருகை மறுபக்கம் திருப்பினேன்.

கரியாலூருக்கு வேனில் போனோம். புதிதாகக் கட்டி அன்று மந்திரித்துத் திறக்கிற சிறிய கோயில். மலைக்காரர்கள் சாமை அறுவடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். நான்சி மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு முதல் பாட்டை வாசித்தாள். இன்று வரையில் நான் அப்படி ஒரு பேஸைக் கேட்டதில்லை. கூட்டத்தில் சாலம்மாள் என்ற மலைக்காரப் பெண், தலையில் விறகுக் கட்டோடு வந்தவள், கட்டை இறக்காமலே காலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றாள். இரண்டாவது பாட்டின் நடுவில் நான்சியின் விரல்கள் மடங்கி அப்படியே நின்றுவிட்டன. மறு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் பார்த்தாள். முடியவில்லை. ஜோஸ்வா ஆர்மோனியத்தை விட்டு எழுந்தான். நான்தான் முந்திக்கொண்டு ஓடி அவள் தோளிலிருந்து பேஸைக் கழற்றி மாட்டிக்கொண்டு மீதியை வாசித்தேன். எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா. அழுத்தவே முடியவில்லை.

குமார் ஓடிவந்து என் வயரை ஆட்டிப் பார்த்தான். "இன்னாண்ணே, லைன் கட்டாயிடிச்சா? சத்தமே காணோம்" என்றான்.

மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்று சொல்லி அறுவை செய்தார்கள். மருத்துவமனையில் அவளை வார்டிலிருந்து எடுத்து டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். நோயாளியின் கையில் ஊசி போடுகிறவளுக்குத் தன் கை நடுங்கக் கூடாது. கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில் போனில் பேஸ் பராமரிப்பு வீடியோக்களைப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். பேஸைக் குழந்தையைத் தூக்குவது போல வலது தோளில் சாய்த்துத் தூக்கி வந்தாள்.

"அண்ணா, கம்பிக்குக் கீழ பேனா மூடியே நொழையுது. இப்படி இருக்கக் கூடாதாமே. தெரிஞ்சி பண்ணீங்களா, தெரியாமப் பண்ணீங்களா?"

கோபமில்லாமல் கேட்டாள். உபகாரமேரி வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"தெரியாமதாம்மா" என்றேன்.

நான்சி கம்பிகளை ஒரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு, "தெரியாமன்னா பரவால்லண்ணா. தெரிஞ்சின்னா எனக்குத் தாங்காது" என்றாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

நான் மனசாட்சி இல்லாதவன் அல்ல. பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாருக்கு வயது அதிகம், காது மந்தம். "ஒரு பொண்ணோட பேஸ் கிடார்ல ஏத்திட்டேன் சாமி" என்றேன். "வெல ஏத்தி வித்துட்டியா?" என்றார். "இல்ல சாமி, கம்பிய ஏத்தினேன்." அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க ஏத்தின?" என்றார். அதற்குமேல் எனக்கும் விளக்கத் தெம்பில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் ஐந்து சொன்னேன்.

ஆக, இங்கே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். தெரிந்துதான் செய்தேன். ஒவ்வொரு மாதமும் தெரிந்து செய்தேன். குழந்தையின் பாதத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்றும் தெரிந்துதான் செய்தேன். சொன்னதில் நெஞ்சு லேசாகிவிட்டது. இனி என்னிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நான்சியின் கை தேறிவருகிறது. தினம் கொஞ்ச நேரம் வாசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேஸை மறுபடி என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாள். "இங்க வேற யாருண்ணா இருக்காங்க" என்றாள். நேற்று உட்கார்ந்து வேலையை முடித்தேன். தடித்த கம்பிகளைக் கழற்றி மெல்லிய கம்பிகளைக் கட்டினேன். எல்லாத் திருகுகளையும் இறக்கினேன். ஆனால் ஒரேயடியாக இறக்கினால் கம்பி கட்டையில் உரசிக் கரகரக்கும், வாசிக்கிறவளுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் கொஞ்சம், மிகக் கொஞ்சம், மேலேயே விட்டு வைத்திருக்கிறேன். முறையான பராமரிப்பு என்றால் அப்படித்தான்.