கயித்தான் தண்டல் பாத்த பானை

கதை கேக்குறவுக வாயில ஊம் இருக்கணும், கொறட்டை இருக்கக் கூடாது. அப்பத்தான் சொல்லுவேன்.

தோணிக்கு எஞ்சினு வராத காலம் அது. நம்ம சங்குமுனையில கயித்தான், கயித்தான்னு ஒரு தண்டல் இருந்தாராம். தண்டல்னா தோணிக்குத் தலைவன். நெட்டை ஆளு, முறுக்கு மீசை, சோத்துக்கு முன்னாடி மட்டும் பச்சப்புள்ள. எந்த வீட்டுல சாப்பிட்டாலும் மறுசோறு கேப்பாராம். கேட்டாத்தான் ஆக்குனவளுக்கு மனசு குளுரும்னு ஒரு நெனப்பு. நம்ம ஊரு மரியாதையும் அதுதான?

ஒரு வருசம் மொதலாளி தோணியில மாலத்தீவுக்கு அரிசி ஏத்திக்கிட்டுப் போனாராம். கச்சான், அதான் மேக்க இருந்து அடிக்கிற பெருங்காத்து, முந்தியே வந்திருச்சு. சுக்கான் ஒடஞ்சு, தோணி ஒரு சின்னத் தீவுல போயி ஒதுங்கிச்சு. காத்து தணியிற வரைக்கும் அங்கனதான் கெடை.

அது எவ்வளவு பெரிய தீவுங்கிய? இந்தக் கரையில தும்முனா அந்தக் கரையில கேக்குமாம். வீதி பூரா வெள்ளை மணலு. விடிஞ்சதும் பெண்டுக கூட்டிப் போட்டிருவாக. வாசலுக்கு வாசல் ஊஞ்சல். வந்தவனை ஒக்கார வச்சு ஆட்டி விடுவாகளாம். கடல்ல கெறங்காத மனுசன் ஊஞ்சல்ல கெறங்கிட்டாரு. சாயங்காலமானா மேளம். மொதல்ல மெதுவாத் தட்டுவாக, போகப் போக வேகம், கடைசியில பாத்துக்கிட்டு நிக்கிறவன் காலும் தானா ஆடும்.

அங்க மூசாபேன்னு ஒருத்தரு. மாசிக் கருவாடு விக்கத் தூத்துக்குடிக்கு வந்து போனவரு, நம்ம பேச்சு தெரியும். அவருதான் தண்டலை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவரு பெஞ்சாதி ஆமினா சோத்தைப் போட்டு, சூரைமீன் அவிச்ச தண்ணியை ஊத்தி, எலுமிச்சை பிழிஞ்சு, மொளகாயைக் கசக்கிப் போட்டா. அந்த ருசியில தண்டலுக்குக் கண்ணு கலங்கிருச்சாம்.

"தாயி, இன்னும் கொஞ்சம் சோறு."

அவ சிரிச்சுக்கிட்டே கொண்டாந்தா. மறுநாளும் கேட்டாரு, அவளும் சிரிச்சா. தெனமும் கேட்டாரு, தெனமும் சிரிச்சா.

ஒரு மத்தியானம் கை கழுவப் பின்பக்கம் போனவரு பாத்தாரு. ஆமினாவும் பிள்ளைகளும் அவிச்ச சீமைப்பலாக்காயை மீன்தண்ணியில தொட்டுத் தின்னுக்கிட்டு இருக்காக. சின்னது சோத்துப் பானையை வழிச்சு வெரலை நக்குது. பானையில ஒரு பருக்கை இல்லை.

"என்ன மூசாபே இது?"

மூசாபே மணலைப் பாத்துக்கிட்டுச் சொன்னாராம்: "காத்துல அரிசிப் படகு வரல தண்டலே. ஊரே இப்படித்தான். எந்த வீட்டுல பிடி அரிசி இருந்தாலும் இங்க கொண்டாந்து குடுக்காக. விருந்தாளி இங்கதான இருக்காருன்னு."

"எங்கிட்டக் கேக்கக் கூடாதா? தோணி நெறைய அரிசி கெடக்கே."

"அது ஒங்க அரிசி இல்லையே. ஒங்களை நம்பி ஒருத்தர் குடுத்தது. நாங்க கேட்டா ஒங்க பேரு போயிருமே."

பாத்துக்கிடுங்க, கரையில ஒதுங்குன தோணியில மூட்டை மூட்டையா அரிசி, ஊரு பூரா பசி. ஒருத்தர் கை வைக்கல. ஒரு வார்த்தை கேக்கல. எப்பேர்ப்பட்ட சனம்!

தண்டல் நேரா தோணிக்குப் போனாரு. தோணியில சோறாக்குற பண்டாரி குரூசு குறுக்க நின்னான்.

"தண்டலே, சரக்கைத் தொட்டா மொதலாளி இந்தச் சென்மத்துல ஒமக்குத் தோணி தரமாட்டாரு."

"தரவேண்டாம்ல. தின்ன மறுசோறு எனக்குத் தொண்டையில நிக்கி. சரக்கை மூடியிருக்கிற பலகையைத் தூக்கு."

அன்னைக்கு எல்லா வீட்டுலயும் சோறு. மேளம் அன்னைக்கு எடுத்ததுமே வேகந்தானாம்.

காத்து தணிஞ்சுச்சு. தீவுக்காரங்களே தென்னமரம் வெட்டிப் புதுச் சுக்கான் செஞ்சு மாட்டிக் குடுத்தாக. மிச்ச அரிசியைப் போக வேண்டிய எடத்துல எறக்கிட்டு ஊரு வந்தாரு. குரூசு சொன்ன மாதிரியே மொதலாளி தோணியைப் பறிச்சுக்கிட்டாரு. கட்டுமரத்துல மீன்பிடிக்கப் போயிக்கிடலாம்னு தண்டல் வீட்டுக்கு வந்துட்டாரு.

பெஞ்சாதி சலேத்தம்மா சோறு போட்டா. தின்னு முடிச்சாரு. "இன்னும் கொஞ்சம்"ங்கிறது நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. நிப்பாட்டிக்கிட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போனாரு.

"ஆம்பளைக்கு இங்க என்ன சோலி?"ன்னு அவ மறிச்சா.

அவளை விலக்கிட்டுப் பானை மூடியைத் தொறந்தாரு. காலிப் பானை.

"எத்தனை வருசமாட்டி இப்படி?"

அவ சிரிச்சாளாம். ஆமினா சிரிச்ச அதே சிரிப்பு. தோணி போனதுக்கு அழாத மனுசன் அப்ப அழுதாராம்.

அன்னையிலருந்துதான் நம்ம சங்குமுனையில, பந்தி போடுமுன்ன சோத்துப் பானை நடுவீட்டுக்கு வருது. மூடியை எடுத்து எல்லாருக்கும் காட்டணும். ஆக்குனவளும் கூட ஒக்காரணும். பெறகுதான் சோத்துல கை. வெளியூர்க்காரன் சிரிப்பான், "பானையில என்ன வே வேடிக்கை"ன்னு கேப்பான். நாம சொல்லுறது ஒண்ணுதான்: "கயித்தான் பிந்திப் பாத்தாரு, நீரு முந்திப் பாரும்."

சரி, பானை வந்திருச்சு. எட்டிப் பாத்துட்டு ஒக்காருங்க. ஏட்டி, அடுப்படியில யாரு அது நிக்கிறது? நீயும் வா.